அரசாங்கச் செலவை அப்பா காலத்திலிருந்து படிப்பது எப்படி

அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். போன மாதம் ஒப்படைப்புத் தாளோடு சிங்கப்பூரின் யீஷூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, "சித்தி, சுகாதாரச் செலவு ஒன்பது வருஷத்துல மூணு மடங்கு ஆயிடுச்சு. அப்படியே எழுதிடவா?" என்று கேட்டான். எண்கள் சரிதான். 2010 நிதியாண்டில் 3.7 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2019இல் 11.3 பில்லியன். ஆனால் கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு வெறும் வெள்ளிக் கணக்கை அப்படியே விட மனம் வராது. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்களை எங்கே எடுப்பது? பிப்ரவரியில் நிதியமைச்சர் பேசும் பட்ஜெட் உரையிலிருந்து எடுக்காதீர்கள். உரையோடு சேர்த்து நிதியமைச்சு வெளியிடும் வரவு செலவு மதிப்பீட்டுப் புத்தகத்தைத் திறங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நீண்ட வரிசை வேண்டுமென்றால் புள்ளிவிவரத் துறையின் அட்டவணைகள் உதவும். பழைய காலத்தின் வாசனை வேண்டுமென்றால் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தொகுப்பில் அந்தந்த ஆண்டின் தமிழ் முரசைப் பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் மக்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது.

மதிப்பீட்டுப் புத்தகத்தில் ஓர் அமைச்சுக்கு எதிரே பல பத்திகள் இருக்கும்: முந்தின ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. வரிசை போடும்போது உண்மைச் செலவை மட்டும் எடுங்கள். வித்தியாசம் சின்னதாக இருக்காது. கொவிட் வந்த 2020இல் ஒரே ஆண்டில் நான்கு பட்ஜெட் போட்டார்கள். நாட்டின் நிதியிருப்பிலிருந்து 52 பில்லியன் வரை எடுக்க அனுமதி கேட்டார்கள். கடைசியில் 2020 முதல் மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து எடுத்ததே சுமார் 40 பில்லியன்தான்.

அடுத்தது வகுத்தல். இதைச் செய்யாமல் யாரும் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பேன். 2010இல் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி சுமார் 330 பில்லியன் வெள்ளி, 2019இல் சுமார் 510 பில்லியன். சுகாதாரச் செலவை அதால் வகுத்தால் 1.1 விழுக்காடு 2.2 ஆகியிருப்பது தெரியும். மூன்று மடங்கு என்றது இரண்டு மடங்காகிவிட்டது. பையன் முகம் வாடிப்போயிற்று. எனக்கோ இந்த இரண்டு மடங்குதான் பெரிய செய்தி. நாடு வளர்ந்த வேகத்தையும் தாண்டி மருத்துவச் செலவு ஓடியிருக்கிறது. 2030இல் குடிமக்களில் நால்வரில் ஒருவருக்கு 65 வயதோ அதற்கு மேலோ ஆகியிருக்கும் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருள் சேவை வரி 1994இல் 3 விழுக்காட்டில் தொடங்கி 2024இல் 9க்கு வந்து நிற்பதும் இந்தக் கதையின் மறுபக்கம்தான்.

வரிசையை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது என்று கேட்டான். தற்காப்புச் செலவுக்கு நான் 1968 என்றேன். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிராணி, அதாவது கிடங்கு எழுத்தர். அந்த ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் திருப்பி அழைத்துக்கொள்வதாக அறிவித்தது. நாட்டுப் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்தத் தளங்களை நம்பி இருந்த காலம். அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாமல் அம்மா அரிசி டின்னை அளந்து அளந்து எடுத்ததைச் சொல்வார். நாட்டைக் காக்கும் செலவு முழுவதும் நம் தலையில் விழுந்தது அப்போதுதான். இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் தேசிய சேவைச் சட்டம் அதற்கு முந்தின ஆண்டே வந்துவிட்டது. தற்காப்பு வரிசையை 1990இலிருந்து தொடங்குகிறவருக்கு இந்த ஏற்றம் கண்ணில் படாது.

இனி வழுக்கும் இடங்கள். இவற்றில் நான் அதிகம் தடுமாறியது, பிற்காலச் செலவுக்காக முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் நிதிகளில். 2014இல் முன்னோடித் தலைமுறைத் தொகுப்புக்காக (மூத்த தலைமுறையினருக்கான சலுகைத் திட்டம்) 8 பில்லியன் வெள்ளியை ஒரே தடவையில் ஒதுக்கி வைத்தார்கள். அம்மாவை அரசாங்கத்தின் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனால் ரசீதில் முதல் வரி முழுக் கட்டணம், அடுத்த வரி அரசாங்க மானியம், அதற்கடுத்த வரி முன்னோடிக் கழிவு. மானியம் போக மீதியில் பாதி அங்கே குறைகிறது. அந்தக் கழிவுக்கான பணம் இந்த ஆண்டு பட்ஜெட்டில் புதிதாக வந்ததல்ல, அப்போதே எடுத்துவைத்தது. ஆகவே வரிசையில் அந்த ஒரு வருஷம் மேடாகத் தெரியும், பலன் கிடைக்கிற வருஷங்கள் சமதரையாகத் தெரியும். நிதிகளில் இப்படிப் பணம் போடும் நிரப்புதல்கள் அமைச்சுகளின் செலவில் சேராமல் தனித் தலைப்பில் வரும். அவற்றைத் தனிப் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள்.

2021க்குப் பிறகு இன்னொரு மாற்றம். எம்ஆர்டி ரயில் தடம் போன்ற பெரிய கட்டுமானங்களுக்குக் கடன் வாங்கி, செலவைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பச் சட்டம் வந்தது. அதற்கு முந்தின ஆண்டுகளோடு ஒப்பிடும்போது பக்கத்தில் ஒரு குறிப்புப் போடுங்கள்.

வெளிநாட்டோடு ஒப்பிடுவதாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பிரான்ஸில் அரசாங்கச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பாதிக்கு மேல். இங்கே 18 விழுக்காட்டுக்குப் பக்கம். அங்கே ஓய்வூதியம் அரசுக் கணக்கில் வருகிறது. இங்கே 1955இலிருந்து மத்திய சேம நிதியில் அவரவர் சேமிப்பாகச் சேருகிறது, செலவுக் கணக்கில் வராது. இதைச் சொல்லாமல் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைப்பது நியாயமில்லை.

எல்லாவற்றையும் ஒரு கட்டம் போட்ட நோட்டில் எழுதச் சொன்னேன்: ஆண்டு, வெள்ளி, விழுக்காடு, கடைசிப் பத்தியில் அந்த ஆண்டு நடந்த ஒரு விஷயம். உண்மைச் செலவைப் பேனாவில், மதிப்பீட்டைப் பென்சிலில். என் நோட்டில் கடைசி இரண்டு வரிகள் இன்னும் பென்சிலில்தான் இருக்கின்றன. அடுத்த பிப்ரவரியில் ஒன்றை அழித்து எழுதுவேன்.