உருண்டைக் கல் கிடைத்தால்: டைனோசர் முட்டையா என்று பார்க்கும் முறை

மண்ணிலிருந்து உருண்டையான கல் ஒன்று எட்டிப் பார்த்தால், முதல் காரியம் அதைக் கிளப்பாமல் இருப்பது. கைபேசியை எடுங்கள், கடப்பாரையை எடுக்காதீர்கள். அந்தக் கல் என்ன என்பதற்கான சாட்சியத்தில் பாதி கல்லில் இல்லை, அது கிடக்கும் மண்ணில் இருக்கிறது. நான் அரியலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் பிள்ளைகள் துண்டில் சுற்றிக் கல் கொண்டுவருவார்கள். "டீச்சர், இது டைனோசர் முட்டைதானே?" நான் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "எங்க இருந்துப்பா எடுத்த?" "காட்டுல, வரப்பு ஓரமா" என்று பதில் வரும். எந்தக் காடு, எந்த வரப்பு, எவ்வளவு ஆழம், பக்கத்தில் வேறென்ன கிடந்தது? யாருக்கும் நினைவிருக்காது. கேள்விக்குப் பாதி விடை அங்கேயே போய்விடும்.

ஆகவே படம் எடுப்பதிலிருந்து தொடங்குவோம். முதல் படம் தூரத்திலிருந்து: வரப்பு, ஓடைக்கரை, மரம், எல்லாம் தெரிய. இரண்டாவது, கல்லும் அது பதிந்திருக்கும் மண் அடுக்கும் சேர்ந்து தெரிய. மூன்றாவது கிட்டத்திலிருந்து, பக்கத்தில் பள்ளிக்கூட அளவுகோலை வைத்து. அளவுகோல் இல்லாத படத்தை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. காலை எட்டு மணிக்குள் அல்லது மாலையில் எடுங்கள். உச்சி வெயிலில் மேற்பரப்பின் மேடுபள்ளம் மறைந்துபோகும், சாய்ந்த வெளிச்சத்தில்தான் புள்ளியும் விரிசலும் நிழலோடு எழுந்து நிற்கும். கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

அடுத்து கல்லை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள தரையைப் பாருங்கள். எங்கள் மாவட்டமும் பெரம்பலூரும் ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை கடல் ஏறி இறங்கிய நிலம். காரை ஊருக்கு வெளியே அரித்துக் கிடக்கும் களிமண் மேடுகளில் நடந்தால் ஜிப்சம் தகடுகள் வெயிலில் மின்னும். அவற்றுக்கு நடுவே விரல் நீளத்தில், ஒரு முனை கூர்த்த, வழவழப்பான பழுப்புக் கற்கள் கிடக்கும். அவை பெலம்னைட், கணவாய்க்கு உறவான ஓர் உயிரினத்தின் உள்ளோடு. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் தடித்த சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கும். சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுப்பது இந்தக் கடற்படுகையைத்தான். உங்கள் உருண்டைக் கல்லைச் சுற்றி சிப்பியும் பெலம்னைட்டும் கிடந்தால் நீங்கள் நிற்பது பழைய கடலின் தரையில். டைனோசர் முட்டையிட்டது நிலத்தில். அப்படியென்றால் முட்டையாக இருக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

குறைகிறது என்றுதான் சொல்கிறேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. கடல் விலகிய கடைசிக் கட்டத்தில் ஆறுகள் கொண்டுவந்து போட்ட மண் எங்கள் மாவட்டத்தில் கல்லமேடு என்ற ஊரில் இருக்கிறது. டைனோசர் எச்சங்கள் அங்கே உண்மையாகவே கிடைத்திருக்கின்றன. அங்கே எடுத்த ஒரு சிறிய பல், ட்ரூடான் வகை ஊனுண்ணி டைனோசருடையது என்று 2013-ல் ஆய்வேடு வந்தது. அரியலூர்ப் பகுதியில் கிடைத்த ஒரு முட்டையைப் பற்றியும் 1996-ல் ஆய்வேடு வெளியானது. அந்த ஆய்வு எதை ஆராய்ந்தது என்பதைக் கவனியுங்கள்: உருண்டை வடிவத்தை அல்ல, ஓட்டின் நுண்ணமைப்பை. நாமும் பார்க்க வேண்டியது ஓட்டைத்தான்.

ஆனால் அதற்கு முன் அளவைப் பார்த்துவிடலாம், அது சுலபம். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில், பாக், குக்ஷி ஊர்களைச் சுற்றி 92 கூடுகளும் 256 முட்டைகளும் பதிவாகி 2023-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. நீண்ட கழுத்துடைய டைட்டனோசர் இட்டவை அவை. பெரும்பாலானவற்றின் விட்டம் 15 முதல் 17 செ.மீ. தான். அவ்வளவு பெரிய விலங்கின் முட்டை இரண்டு கைக்குள் அடங்கிவிடும். எனவே அரை மீட்டர், முக்கால் மீட்டர் உருண்டை கிடைத்தால் அது முட்டை அல்ல. இன்னொரு சோதனையும் உண்டு. ஒரே கூட்டில் இட்ட முட்டைகள் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். ஒரே இடத்தில் எலுமிச்சை அளவிலும் தலை அளவிலும் கலந்து கிடந்தால் கூடு என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

இப்போது ஓடு. கல்லின் எந்தப் பக்கமாவது ஏற்கெனவே உடைந்திருந்தால் அந்த விளிம்பைப் பாருங்கள், நீங்களாக உடைக்க வேண்டாம். உண்மையான முட்டையில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் ஒரே ஒரு மெல்லிய ஓடு, உள்ளே இருக்கும் கல்லிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும். நிறமும் பெரும்பாலும் வேறாக இருக்கும். மண்ணின் பாரத்தில் நொறுங்கிய ஓடு சிறு சிறு பலகோணத் துண்டுகளாகப் பிரிந்து, சில துண்டுகள் உள்பக்கமாகச் சரிந்து இறங்கியிருக்கும். பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ் ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. அதை வைத்துப் பார்த்தால் டைட்டனோசர் முட்டையோட்டின் வெளிப்பரப்பில் நெருக்கமான சிறு குமிழ்கள் தெரியும். அவற்றுக்கு இடையே நுண்துளைகள் இருக்கும். உள்ளிருந்த குஞ்சு மூச்சுவிட்டது அவற்றின் வழியாகத்தான். விளிம்பை லென்ஸில் பார்த்தால் ஓடு, உள்ளிருந்து வெளியே விரியும் தூண்களால் ஆனது போலத் தெரியும். இந்த அடையாளங்களைத் தண்ணீரால் உருண்ட கல்லிலோ தானாகத் திரண்ட கல்லிலோ காண முடியாது.

எங்கள் பக்கம் கிடைக்கும் பெரும்பாலான உருண்டைகள் தானாகத் திரண்டவை. புவியியலாளர்கள் இவற்றைக் கான்கிரீஷன் என்பார்கள். கடலடிச் சேற்றில் ஒரு சிப்பித் துண்டோ எலும்புத் துண்டோ கிடக்கும். சேற்று நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு அதைச் சுற்றிப் படிந்து, படிந்து இறுகும். சுற்றிலும் மென்மையான மண், நடுவில் கெட்டி உருண்டை. மழை மண்ணை அரித்துவிட்டால் உருண்டை மட்டும் மிஞ்சும். வெயிலும் மழையும் பட்ட உருண்டை வெங்காயம் போலத் தோல் தோலாக உரியும். இந்தத் தோலைத்தான் பலரும் முட்டையோடு என்று நினைக்கிறார்கள். ஒரு தோலை அடுத்து இன்னொரு தோல் இருந்தால் அது முட்டை அல்ல. முட்டைக்கு ஓடு ஒன்றுதான்.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் மண் எடுத்த இடத்தில் பெரிய பெரிய உருண்டைகள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று படங்கள் வாட்ஸப்பில் மாநிலம் முழுக்கச் சுற்றின. நேரில் பார்த்த வல்லுநர்கள், அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவுகள் என்றார்கள். "அவ்வளவுதானா டீச்சர்?" என்று முகம் வாடிய பிள்ளைகளுக்கு நான் அம்மோனைட்டைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன். சுருண்ட ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுத்து, அறைகளில் காற்றை நிரப்பி மிதந்த கடலுயிர் அது. டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில்தான் அதுவும் அழிந்தது. 1840-களிலேயே புதுச்சேரி, திருச்சி வட்டாரத்து அம்மோனைட்டுகள் லண்டனில் ஆராயப்பட்டன. 1860-களில் ஸ்டோலிச்கா என்ற ஆய்வாளர் இந்தப் பகுதியின் கடலுயிர்களை விரிவாக வர்ணித்த தொகுதிகளை இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். எங்கள் மண்ணின் பெரிய செல்வம் இந்தக் கடல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் உருண்டையில் அம்மோனைட்டின் தடயத்தையும் தேடுங்கள். ஓரத்தில் வில்லாக வளைந்த வரிகள் ஒரே இடைவெளியில் ஓடுகின்றனவா? சுருளின் நடுக்குழி தெரிகிறதா? ஓடு உதிர்ந்த இடத்தில் இலை விளிம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போகும் கோடுகள் இருக்கின்றனவா? அந்தக் கோடுகள் அறைத் தடுப்புகள் ஓட்டில் ஒட்டிய இடம். இனத்தைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பது அவற்றைத்தான், ஆகவே அவை படத்தில் தெளிவாக விழ வேண்டும்.

எலுமிச்சைச் சாறு, வினிகர், பாத்ரூம் ஆசிட் ஊற்றிப் பார்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். முட்டையோடும் சுண்ணாம்பு, கான்கிரீஷனும் பெரும்பாலும் சுண்ணாம்பு. இரண்டும்தான் நுரைக்கும். எதையும் நிரூபிக்காமல், லென்ஸில் பார்க்க வேண்டிய மேற்பரப்பை மட்டும் அமிலம் தின்றுவிடும்.

ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பிருகத்காயோசாரஸ் என்ற டைனோசரின் கதை. கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் 1987-ல் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர் நீளம். உலகிலேயே பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கக்கூடும். அந்த எலும்புகள் பிற்பாடு பொடிந்து போய்விட்டன. மிஞ்சியவை வரைபடங்களும் சில ஒளிப்படங்களும். அந்த விலங்கு என்ன, எவ்வளவு பெரியது என்ற வாதம் இன்றும் அந்தப் படங்களை நம்பித்தான் நடக்கிறது. எங்கள் ஊர் மண்ணில் எலும்பு எவ்வளவு எளிதில் உதிரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நீங்கள் எடுக்கும் ஒரு நல்ல படம் கல் அழிந்த பிறகும் பேசும்.

ஓடு தெரிகிறது, அளவு பொருந்துகிறது, பக்கத்தில் கடற்சிப்பி இல்லை என்றால் தகவல் சொல்லுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கு எழுதலாம். வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திலோ, புவியியல் துறை உள்ள அருகிலுள்ள கல்லூரியிலோ படங்களைக் காட்டலாம். மாவட்டம், ஊர், எந்த நிலம், தேதி, கைபேசி காட்டிய இடக்குறி, மேலும் கீழும் இருந்த மண்ணின் நிறம், கல்லின் குறுக்களவு. இவ்வளவும் ஒரே தாளில் இருந்தால் போதும். பிறர் நிலமாக இருந்தால் முதலில் நிலத்துக்காரரிடம் சொல்லுங்கள். கைவிட்ட சுரங்கக் குழிகளில் இறங்காதீர்கள். காரையின் மேடுகளில் மழை பெய்த அன்று ஏறாதீர்கள், அந்தக் களிமண் வழுக்கும்.

ஆட்கள் வரும்வரை கல்லின் மேல் பக்கத்து மண்ணையே லேசாகத் தூவி மூடிவையுங்கள். படத்தை நண்பர்களுக்கு அனுப்பலாம், ஆனால் ஊர்ப் பெயரையும் இடக்குறியையும் பொதுவில் போடாதீர்கள். மறுநாளே யாராவது மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள்.