இண்டியம் 53, காலியம் 47

இண்டியம் பாஸ்பைடு வேஃபர் (மெல்லிய படிக வட்டு) மேல் இண்டியம் காலியம் ஆர்சனைடு படலம் வளர்க்க எங்கள் எம்பிஇ (வெற்றிடத்தில் ஆவியை அடுக்கடுக்காகப் படியவைக்கும் முறை) அறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, “சார், செல் டெம்பரேச்சர் எவ்வளவு வைக்கணும்?” போன மாத எண் நோட்டில் இருக்கிறது. கேட்டால் தரமாட்டேன். செல் என்பது உலோகத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கலம்; அதில் உலோகம் குறையக் குறைய, அதே சூட்டில் கிளம்பும் ஆவியும் குறைந்துகொண்டே போகும். பழைய எண்ணை வைத்து ஆரம்பிக்கலாம், அவ்வளவுதான்.

நமக்கு வேண்டியது இண்டியம் 53 சதவீதம், காலியம் 47. அந்த விகிதத்தில்தான் படலத்தின் அணிக்கோவை (படிகத்தில் அணு அமைப்பு திரும்பத் திரும்ப வரும் இடைவெளி), அடியிலுள்ள இண்டியம் பாஸ்பைடின் 5.869 ஆங்ஸ்ட்ராமோடு பொருந்தும். ஆர்சனிக்கைத் தேவைக்கு மேலேயே அனுப்புகிறோம். மிஞ்சியது ஒட்டாமல் போய்விடும். வேஃபர் 500 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் வந்து விழும் இண்டியமும் காலியமும் அநேகமாக அப்படியே தங்கிவிடும். ஆகவே கலவை என்பது இந்த இரண்டின் அணுக்கணக்குதான். வேஃபரை அதிகமாகச் சூடேற்றினால் இண்டியம் பறக்க ஆரம்பிக்கும், பிறகு எந்தக் கணக்கும் நிற்காது.

முதல் வேலை ரீட் அலைவு: எலக்ட்ரான் கற்றையைச் சாய்வாக மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கவைத்து, திரையில் விழும் புள்ளியின் ஒளி ஏறி இறங்குவதைப் பார்ப்பது. காலியத்தைக் காலியம் ஆர்சனைடு துண்டின் மேலும், இண்டியத்தை இண்டியம் ஆர்சனைடு துண்டின் மேலும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். திரையில் புள்ளி ஒருமுறை மங்கிப் பிரகாசித்தால் ஓர் அணு அடுக்கு முடிந்தது என்று அர்த்தம்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். இரண்டு துண்டுகளிலும் ஓர் அடுக்கு என்பது ஒரே எண்ணிக்கை இல்லை. காலியம் ஆர்சனைடில் ஓர் அடுக்குக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 6.26 × 10¹⁴ காலியம் அணுக்கள். அணிக்கோவை பெரிதான இண்டியம் ஆர்சனைடில் 5.45 × 10¹⁴ இண்டியம்தான். காலியம் நொடிக்கு 0.50 அடுக்கு என்று வந்தால், இண்டியம் 0.65 அடுக்கு வேண்டும். அடுக்கை அடுக்கோடு வகுத்து 0.56 என்று வைத்தால் இண்டியம் 49.5 சதவீதத்தில் நின்றுவிடும். அணுவாக மாற்றிவிட்டுப் பிறகு வகுங்கள்.

ரீட் சொல்வதும் இறுதித் தீர்ப்பு அல்ல. மூடியை எடுத்த பானை மாதிரி, ஷட்டர் திறந்ததும் உருகிய உலோகத்தின் மேற்பரப்பு சூட்டை இழக்கும். ஃபிளக்ஸ், அதாவது நொடிக்கு வந்து விழும் அணுக்களின் அளவு, சில சதவீதம் இறங்கி, ஓரிரு நிமிடங்களில் நிலைபெறும். அலைவு தெரிவதோ திறந்த முதல் சில நொடிகளில். இரண்டு செல்களும் ஒரே அளவில் இறங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆவியின் அழுத்தத்தை அளக்கும் அயன் கேஜ் இன்னும் மோசம்: ஒவ்வொரு தனிமத்துக்கும் அதன் உணர்திறன் வேறு. அதே செல் நேற்றும் இன்றும் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன்.

அதனால் வேஃபரைச் சுழற்றிக்கொண்டே அரை மைக்ரான் சோதனைப் படலம் ஒன்றை வளர்த்து, எக்ஸ்ரேயில் (004) என்ற படிகத் தளத்தின் கோண வரைபடம் எடுங்கள். படலத்தின் முகடு வேஃபர் முகட்டுக்கு இடப்பக்கம், அதாவது குறைந்த கோணத்தில் நின்றால் இண்டியம் அதிகம். வலப்பக்கம் என்றால் காலியம் அதிகம். படலம் வேஃபரின் பிடியை விட்டுத் தன் சொந்த அணிக்கோவைக்குத் தளர்ந்துவிடாதவரை, இண்டியத்தில் 1 சதவீதப் பிழைக்கு முகடு சுமார் 175 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) நகரும். இதைவிட நேர்மையான சாட்சி இந்த அறையில் வேறு இல்லை.

உதாரணமாக, முகடு வலப்பக்கம் 175 நகர்ந்திருந்தால் இண்டியம் 52 சதவீதம். 53 ஆக்க வேண்டுமென்றால் இண்டியம் ஃபிளக்ஸை 4 சதவீதம் ஏற்ற வேண்டும், 1 சதவீதம் அல்ல. காலியம் மாறாமல் இருக்கிறதே. செல் 800 டிகிரி அருகில் ஓடும்போது ஒரு டிகிரிக்கு ஃபிளக்ஸ் ஏறத்தாழ 2.5 சதவீதம் மாறும். ஆக ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேலே ஏற்றினால் போதும். செல் கண்ட்ரோலர் அரை டிகிரி ஊசலாடினால் கலவையும் கூடவே ஆடும், அதையும் கவனியுங்கள்.

காலியம் செல்லைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் திருகினால் எது எதை மாற்றியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இண்டியத்தை மாற்றிய பிறகு அரை மணி நேரம் நிலைபெற விட்டு, இன்னொரு சோதனைப் படலம். முகடு 50 ஆர்க்செகண்டுக்குள் வந்துவிட்டால் நான் உண்மையான வேஃபரை ஏற்றிவிடுவேன். லேசர் கட்டமைப்பு என்றால் இன்னும் ஒரு சுற்று. செல்லுக்குப் புதிதாக உலோகம் நிரப்பினாலோ, சேம்பரைத் திறந்தாலோ, மறுபடி ரீட்டிலிருந்து.