டிஸ்ட்ராய் முதல் அனிஹிலேட் வரை: அழிவை ஆங்கிலத்தில் எழுதும் முறை

முழு அழிவைச் சொல்ல ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. அகராதியைப் புரட்டினால் பாதிக்கு மேல் ‘அழி’, ‘நாசமாக்கு’ என்றே பொருள் போட்டிருக்கும். அதை நம்பி ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றிப் போட்டால் வாக்கியம் இடறும். எழுதுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அழிந்தது எது? அழித்தது ஆளா, இயற்கையா? அழிந்தபின் மிச்சம் என்ன? பெரும்பாலும் மூன்றாவது கேள்விதான் சொல்லைத் தீர்மானிக்கும்.

சந்தேகம் வந்தால் டிஸ்ட்ராய் போடுங்கள். கட்டடம், பயிர், ஆவணம், நற்பெயர், நம்பிக்கை எல்லாவற்றுக்கும் பொருந்தும். டிஸ்ட்ரக்‌ஷன் என்ற பெயர்ச்சொல்லைப் பார்த்துவிட்டு வினையை ‘டிஸ்ட்ரக்டட்’ என்று எழுதுவது நம்மிடையே பரவலான பிழை. ராக்கெட் தன்னைத்தானே வெடித்துச் சிதறச் செய்துகொள்ளும் செல்ஃப்-டிஸ்ட்ரக்ட்டைத் தாண்டி அந்த வடிவத்துக்குப் பெரிதாக வேலை இல்லை. அடைமொழியாக ‘வெரி’ ஒட்டாது. கம்ப்ளீட்லி, டோட்டலி, அட்டர்லி ஒட்டும். பாதிதான் சேதம் என்றால் ‘பார்ஷியலி டிஸ்ட்ராய்ட்’ என்பதைவிட ‘பேட்லி டேமேஜ்ட்’ சுத்தமாக நிற்கும்.

கட்டடம் என்று வந்தால் சொற்கள் கறாராகிவிடும். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் தானாகச் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது கொலாப்ஸ்ட். அதே வளாகத்தில் நின்ற இன்னொரு அடுக்குமாடியை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அது டிமாலிஷ்ட். திட்டமிட்டு, ஆள் வைத்து இடிப்பதுதான் டிமாலிஷின் முதற்பொருள். ஒருவருடைய வாதத்தைத் தவிடுபொடியாக்குவதற்கும் இதே சொல் வரும்.

நம் ‘தரைமட்டம்’ அப்படியே ரேஸ். பந்தயத்தைக் குறிக்கும் ரேஸ் வேறு. இதை இசட் எழுத்துப் போட்டு எழுத வேண்டும். ‘உயர்த்து’ என்று பொருள்படும் சொல்லும் இதுவும் உச்சரிப்பில் ஒன்றே என்பதால், இசட்டுக்குப் பதில் ஐ-எஸ் விழுந்தால் இடித்த வீடு எழும்பிவிடும். ‘ரேஸ்ட் டு த கிரவுண்ட்’ கூறியது கூறல்தான். ஆனால் மரபாகிவிட்டது, தயங்காமல் எழுதலாம்.

தீ விபத்துச் செய்திகளில் அடிக்கடி வரும் கட்டெட் என்பதற்கு, உள்ளே எல்லாம் எரிந்து வெளிச்சுவர் நிற்கிறது என்று பொருள். 1981 ஜூன் முதல் நாள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை எழுதினால், கட்டடத்துக்குக் கட்டெட், நூல்களுக்கு டிஸ்ட்ராய்ட். குடிசை முழுக்கச் சாம்பலாகியிருந்தால் கட்டெட் பொருந்தாது. ‘ரிட்யூஸ்ட் டு ஆஷஸ்’ என்று எழுதுங்கள். பேச்சு வழக்கில் ஓர் ஆங்கிலேயர் தன்னையே கட்டெட் என்றால் தீயைத் தேட வேண்டாம், மனமுடைந்து போயிருக்கிறார்.

ஊர், வட்டாரம், மாவட்டம் என்ற பரப்புக்கு டெவஸ்டேட். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் டெல்டா மாவட்டங்களை டெவஸ்டேட் செய்தது. அங்கே வேரோடு சாய்ந்த தென்னைகளுக்கு அப்ரூட்டட் என்பதே சரி. ஒற்றை நாற்காலிக்கோ கைப்பேசிக்கோ டெவஸ்டேட் வராது. மனிதருக்கு வந்தால் பொருள் துக்கம் மட்டும்தான்.

1964 டிசம்பர் புயலுக்குப் பின்னான தனுஷ்கோடிக்கு ஆப்லிட்டரேட்டட் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எழுத்தைச் சுரண்டி அழிப்பதிலிருந்து பிறந்த சொல் அது. சுவடே தெரியாமல் போனதற்குத்தான் பொருந்தும். தனுஷ்கோடியில் தேவாலயச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. எனவே ‘லெஃப்ட் இன் ரூயின்ஸ்’. பன்மை எஸ் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ் இல்லாமல் வினையாக ரூயின் வந்தால் பண்டம் இருக்கும், பயன் போயிருக்கும்: சாயம் ஏறிய பட்டுப்புடவை, மழையில் நனைந்த கல்யாணப் பந்தி.

நோய், பூச்சி, உயிரினம் பக்கம்தான் அதிகம் வழுக்கும். எராடிகேட்டின் லத்தீன் வேர் ‘வேர்’ என்பதே. நம் நிர்மூலமும் அதே கட்டுமானம். மருத்துவத்தில் இது கலைச்சொல். உலகம் முழுவதும் ஒரு நோயாளிகூட இல்லாமல் போனால்தான் எராடிகேஷன்: பெரியம்மை (1980 அறிவிப்பு), மாடுகளைத் தாக்கிய வெக்கை நோய் (2011). ஒரு நாட்டிலோ வட்டாரத்திலோ மட்டும் ஒழிந்தால் எலிமினேஷன். 2014 மார்ச்சில் இந்தியா உட்பட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றது எனச் சான்று பெற்றது; பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது தொடர்ந்ததால் எராடிகேட்டட் என்று எழுதியவை பிழையான செய்திகள். வறுமை, ஊழல் என்ற பொதுப் பேச்சில் இத்தனை கண்டிப்பு வேண்டாம்.

எலி, கரப்பானுக்கு எக்ஸ்டெர்மினேட். மனிதருக்கு அதைப் பயன்படுத்தினால் வாசகர் நினைவில் வருவது நாஜி வதைமுகாம்கள். விளையாட்டுச் செய்தியில் அதைத் தொடாதீர்கள். அங்கே அனிஹிலேட் போகும். படையோ அணியோ ஒன்றுமில்லாமல் ஆக்கப்படுவது அது. இயற்பியலில் எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி காமா கதிராக மாறுவதும் அனிஹிலேஷன்தான்.

டெசிமேட்டில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ரோமப் படையில் கலகமோ கோழைத்தனமோ செய்த பிரிவில் சீட்டுப் போட்டுப் பத்தில் ஒருவரைக் கொல்லும் தண்டனை அது. இன்றைய பொருள் ‘பெரும்பகுதியை அழி’. பத்தில் ஒன்று என்று அடம்பிடிப்பது வீண். ஆனால் கம்ப்ளீட்லியையும் சதவீதத்தையும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள், பத்திரிகை ஆசிரியர்கள் அடித்துவிடுவார்கள். எண்ணிக்கை உள்ள கூட்டத்துக்குத்தான் இது வரும், தனிப் பொருளுக்கு வராது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டைத் தின்றபோது உடலில் சேர்ந்ததால் இந்தியாவின் பாறு கழுகுகள் டெசிமேட்டட். நீலகிரியின் மோயாறு பள்ளத்தாக்கில் இன்னும் பறக்கின்றன என்பதால், அடியோடு ஒழிந்தன என்று பொருள்படும் வைப்ட் அவுட் எழுதக் கூடாது.

பெருநாசம் என்று பொருள்படும் ஹேவக்குக்கு முன் வரவேண்டிய வினை ‘ரீக்’ (விளைவி). உடைந்த கப்பலுக்கான ‘ரெக்’ அங்கே பிழை. புயல் ஹேவக் ரீக் செய்யும், கடந்தகாலம் ரீக்ட்.

காப்பீட்டுக் கடிதம் எழுதுபவர்களுக்கு: டேமேஜ் எண்ண முடியாத சொல். ‘மெனி டேமேஜஸ்’ என்று எழுதக் கூடாது; எஸ் சேர்த்தால் நீதிமன்றம் வழங்கும் இழப்பீடு என்று பொருள் மாறும். வாகனம் தேறாது என்றால் டோட்டலி டிஸ்ட்ராய்ட் என்று வருணிப்பதைவிட டோட்டல் லாஸ் என்ற கலைச்சொல்லைக் கேளுங்கள். இந்திய வாகனக் காப்பீட்டில் பழுதுபார்க்கும் செலவு ஐடிவி தொகையில் (பாலிசியில் வண்டிக்குக் குறித்த மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டி உருவத்தோடு நின்றாலும், அது கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்.