கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் போகிறீர்களா?
அலாஸ்காவின் இந்தத் தேசியப் பூங்காவுக்குள் சாலை கிடையாது, ஒற்றையடிப் பாதைகூடப் போட்டு வைக்கவில்லை. பெரும்பாலானவர்கள் ஃபேர்பேங்க்ஸ் நகரத்திலிருந்து பெட்டில்ஸ் என்ற சின்ன ஊருக்குப் போய், அங்கே மிதவை வைத்த சின்ன விமானம் பிடித்து ஏரியில் இறங்குகிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. வானிலை கெட்டால் திரும்பக் கூட்டிப்போக விமானம் வராது, அதனால் தயவுசெய்து சில நாள் சாப்பாடு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் கரடி திறக்க முடியாத டப்பாவில். அப்புறம் நடை. கோரைப்புல் குடுமி குடுமியாக நிற்கும், மேலே மிதித்தால் சாயும், இடையில் மிதித்தால் கால் சேற்றில் புதையும். ஒரு நாளைக்கு 10 கிலோமீட்டர் நடந்தாலே பெரிய விஷயம். ஆற்றில் இறங்குமுன் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பை உங்களை இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. ஜூன், ஜூலை என்றால் முகத்துக்குக் கொசுவலை கட்டாயம்.