சொலென்ட் சேற்றுக்கரையில் நாயுடன் நடப்பது எப்படி

இங்கிலாந்தின் தென்கரையில் லிமிங்டனுக்கும் கீஹேவனுக்கும் இடையே கடற்சுவரின் மேல் செல்லும் பாதையில் நாயை நடத்திச் செல்ல விரும்புபவர், வானிலையைப் பார்க்க மறந்தாலும் ஓத அட்டவணையைப் பார்க்க மறக்கக் கூடாது. நாயால் கரைப்பறவைகள் கலையக் கூடாது என்பதே காரணம். தாழ் ஓதத்தில் அவை தொலைவில், சேற்றில் இரை தேடிக்கொண்டிருக்கும். உயர் ஓதத்தில் சேறு மூழ்கிவிடுவதால் அவை கரையோரமாக ஒதுங்கி இளைப்பாறும். இந்தக் கரையை வைட் தீவிலிருந்து பிரிக்கும் சொலென்ட் நீரிணையில் உயர் ஓதம் உடனே வடியாமல் நெடுநேரம் நிற்பது வழக்கமாதலால், அந்த வேளையை முடிந்தவரை தவிர்ப்பது நல்லது. சுவரின் ஒருபுறம் கடலும் மறுபுறம் உவர்நீர்க் குளங்களும் இருப்பதால், நாயை அவிழ்த்துவிட ஏற்ற பக்கம் என்று எதுவுமில்லை.

அக்டோபர் முதல் மார்ச் வரை, சைபீரியாவிலிருந்து வரும் பிரென்ட் வாத்துகள், பவளக்காலிகள், நம் ஊர் ஆள்காட்டியின் உறவினமான லேப்விங்குகள் என 1,25,000க்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் சொலென்ட் கரைகளில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. “என் நாய் எதையும் பிடிக்கவில்லையே, துரத்தத்தானே செய்தது” என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் பகல் குறுகிய குளிர்காலத்தில், ஓதம் அனுமதிக்கும் சில மணி நேரத்துக்குள் வயிற்றை நிரப்பியாக வேண்டிய பறவைக்கு, தேவையின்றி எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் மேய்ச்சல் நேரமும் உடலில் சேர்த்த கொழுப்பும் சேர்ந்தே வீணாகின்றன. பறவைகள் தலையை நிமிர்த்திப் பார்க்கத் தொடங்கினாலே நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று கொண்டு, விலகி நடக்க வேண்டும்.

வசந்தத்தில் ஆபத்து வேறு வகையானது. பட்டாணி உள்ளான் இனத்துப் பறவைகள் கூழாங்கற்களின் நடுவே கூழாங்கல் நிறத்திலேயே முட்டையிடுவதால், மிதித்த பிறகும் நமக்குத் தெரியாது. தாய் அஞ்சி எழுந்துவிட்டால் முட்டைகள் குளிர்ந்துபோகும் அல்லது காகத்துக்கு இரையாகும். மக்கள் தடையின்றி நடக்கலாம் என அறிவிக்கப்பட்ட திறந்த நிலங்களில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் நாயைப் பிடித்திருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் சட்டம். பொதுப் பாதையில் அவ்விதி பொருந்துமா என்று ஆராய்வதைவிட, அங்கும் அதையே பின்பற்றிவிடலாம். இழுக்க இழுக்க நீளும் கயிற்றைப் பூட்டி வைக்காவிட்டால் அது கயிறே அல்ல என்பது என் கருத்து.

மாடுகள் மேயும் இடத்திலும் நாய் கயிற்றில்தான் இருக்க வேண்டும். மாடு துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் ஓடித் தப்பிக்கொள்ளும்.

மலத்தைப் பையில் அள்ளி வீடுவரை கொண்டு செல்லுங்கள். பையைக் கட்டிப் புதரில் தொங்கவிடுவது அள்ளாமல் விடுவதைவிட மோசம். பெல்ஜியத்தின் கென்ட் நகரையொட்டிய இயற்கைக் காப்பகங்களில் நாய்களின் கழிவால் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 11 கிலோ நைட்ரஜனும் 5 கிலோ பாஸ்பரசும் சேர்வதாக 2022இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நாய்களுக்குப் போடும் ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் போன்ற தெள்ளுப்பூச்சி மருந்துகளும் தண்ணீரில் கரைந்து நீர்ப்பூச்சிகளைக் கொல்பவை; ஆகவே கழுத்தில் சொட்டுமருந்து விட்ட நாயைக் குளத்தில் இறங்க விடாதீர்கள்.