மருந்துக்குப் பிறகு எத்தனை செல் பிழைத்தது: காலனி எண்ணும் முறை

டி.என்.ஏ பழுதுபார்ப்பு ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்தச் சோதனையைத்தான். பிழைத்த ஒரு செல் பிரிந்து பிரிந்து தட்டில் ஒரு கூட்டமாக வளரும். அதுதான் காலனி. காலனிகளை எண்ணினால் எத்தனை செல் பிழைத்தது என்று தெரியும். 1956-ல் பக், மார்கஸ் என்ற ஆய்வாளர்கள் கதிர்வீச்சு பட்ட செல்களில் எத்தனை பிழைக்கின்றன என்று அளந்தது இப்படித்தான்.

நாங்கள் இதில் பார்ப்பது பார்ப் தடுப்பு மருந்தை. டி.என்.ஏ-வின் ஓர் இழையில் விழும் கீறலைச் சரிசெய்ய உதவும் நொதி பார்ப். அதைத் தடுத்தால், செல் தன் டி.என்.ஏ-வை நகலெடுக்கும்போது இரண்டு இழைகளும் அறுந்துபோகும். பி.ஆர்.சி.ஏ மரபணு நன்றாக இருந்தால் அதையும் ஒட்டிவிடும். அதுவும் பழுதென்றால் செல் சாகும். 2005-ல் ஷெஃபீல்டில் ஹெல்லடே குழுவும் லண்டனில் ஆஷ்வொர்த் குழுவும் இதைக் காட்டின. 2014-ல் ஒலாபரிப் என்ற பார்ப் தடுப்பு மருந்து சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

சரி, வேலைக்கு வருவோம். பி.ஆர்.சி.ஏ 2 இல்லாத செல், அதே செல்லில் அந்த மரபணுவைத் திருப்பி வைத்தது, இரண்டையும் ஒரே நாளில் எடுங்கள். டிரிப்சின் போட்டுத் தட்டிலிருந்து பிரித்ததும் பிப்பெட்டால் இருபது முறையாவது மெதுவாக இழுத்து விடுங்கள். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். செல்கள் தனித்தனி உருண்டையாகத் தெரிய வேண்டும். இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருந்தால் 40 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். என் முதல் சோதனையில் இதைப் பார்க்காமல் விட்டேன். மருந்து போட்ட தட்டில் போடாததைவிட அதிகக் காலனி வந்தது. கட்டியாக விழுந்த செல்களில் ஒன்று பிழைத்தாலும் அங்கே ஒரு காலனி வந்துவிடும். இரண்டு வார உழைப்பு வீணானது.

மருந்தில்லாத தட்டுக்கு 500 செல், மருந்துத் தட்டுக்கு 2000 செல் என்று தொடங்கலாம். மருந்தைக் கரைத்த டி.எம்.எஸ்.ஓ-வை, மருந்தில்லாத தட்டிலும் அதே அளவு விட மறக்காதீர்கள். தட்டைச் சுழற்றினால் செல்கள் ஒரே இடத்தில் குவிந்துவிடும். முன்னும் பின்னும், இடமும் வலமுமாக அசையுங்கள். இருபது நிமிடம் மேசையில் அப்படியே இருக்கட்டும். பிறகு இன்குபேட்டருக்குள் வையுங்கள்.

பத்திலிருந்து பதினான்கு நாள் தொடாதீர்கள். இரண்டாம் நாள் எட்டிப்பார்த்து ‘செல்லெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று மருந்தைத் தள்ளிவிடக் கூடாது. இந்த மருந்தில் செல்கள் உடனே சாவதில்லை. ஒன்றிரண்டு முறை பிரிந்த பிறகே பல சாகும்.

அப்புறம் மெத்தனாலில் நிலைநிறுத்தி, கிரிஸ்டல் வயலெட் ஊற்றிக் கழுவுங்கள். 50 செல்லாவது உள்ள ஊதாப் புள்ளியை மட்டும் எண்ணுங்கள். மருந்தில்லாத 500-ல் 200 காலனி வந்தால் 40 சதவீதம். மருந்திட்ட 2000-ல் 80 வந்தால் 4 சதவீதம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், பிழைத்தது 10 சதவீதம்.

எண்ணுவதற்கு முன் தட்டில் எழுதியிருப்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் மறைக்கச் சொல்லுங்கள். எது மருந்துத் தட்டு என்று தெரிந்தால், சின்னப் புள்ளியைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் ஆசை புகுந்துவிடும். நான் இன்றைக்கும் மறைத்துத்தான் எண்ணுகிறேன்.