புதிய குறுநாடகம் ஒன்றைப் பரிந்துரைக்கும்போது

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பில் பொங்கலுக்கு என்ன நாடகம் போடலாம் என்று யார் கேட்டாலும், இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களின் குறுநாடகங்களைத்தான் சொல்வேன். சொல்வதற்கு முன் கைபேசியில் நேரம் வைத்துப் பிரதியை உரக்க வாசித்துவிடுவேன். கண்ணுக்கு நன்றாக இருக்கும் வசனம் சில சமயம் வாயில் இழுக்கும். 2002இல் சிட்னியில் தொடங்கிய ‘ஷார்ட் ப்ளஸ் ஸ்வீட்’ விழாவில் ஒரு நாடகத்துக்குப் பத்து நிமிடம்தான். நமக்கும் ஏறக்குறைய அந்த அளவு போதும்.

“சூப்பர் நாடகம், படியுங்கள்” என்று அனுப்பினால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: “இரண்டு பெண்கள், பன்னிரண்டு நிமிடம், ஒரு ஸ்டூல், ஒரு டார்ச். கரண்ட் போன லிஃப்டில் மாமியாரும் மருமகளும். மருமகளுக்கு வசனம் அதிகம், மனப்பாடம் செய்ய நாள் வேண்டும். கன்னடத்தில் நாலு வரி உண்டு.” முடிவை மட்டும் சொல்லாதீர்கள். குறுநாடகத்தில் அது தெரிந்துவிட்டால் வாசிக்க என்ன மிச்சம்?

எழுதியவரின் ஆயுள் முழுக்கவும் அதன்பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. அதனால் ஆசிரியர் பெயரோடு, அனுமதி யாரிடம் கேட்பது என்பதையும் சேர்த்தே அனுப்புங்கள். வசனத்தை மாற்றுவதென்றால் அதையும் அவரிடம் கேட்க வேண்டும்.

அப்புறம், முடிந்தால் உங்களிடம் நாடகம் கேட்டவர்களை ஜே.பி. நகரில் உள்ள ரங்க சங்கரா நாடக அரங்குக்கு அழைத்துப் போய் ஒரு நாடகம் காட்டுங்கள். தாமதமாகப் போனால் உள்ளே விட மாட்டார்கள். டிராஃபிக்கை யோசித்துச் சீக்கிரமே கிளம்பிவிடுங்கள்.